படகில்லாத கனவு

குருவைத் தேடி மேற்கத்தியர்கள் இந்தியா வருவது பழைய கதை. வந்தும் குருவைப் பார்க்காமல் திரும்பியவரின் கதை இது.

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங்குக்கு அப்போது வயது 62. இந்திய விஞ்ஞான காங்கிரஸின் வெள்ளி விழாவையொட்டி 1937 இறுதியில் வந்தார். கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு; பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். ஓட்டலுக்குத் திரும்பியதும் ஒரு கனவு. இங்கிலாந்துக் கரையோரம் போல ஒரு தீவு. ஏசுவின் கடைசி விருந்தோடு சேர்த்துச் சொல்லப்படும் புனிதக் கிண்ணத்தைக் கொண்டுவர வேண்டும். குறுக்கே கடல். பாலமில்லை, படகில்லை. உடன் வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். தனியாகவே நீந்துவதென்று ஆடையைக் களைந்தபோது விழித்துக்கொண்டார்.

தாய், வீரன், ஞானக் கிழவன் போன்ற ஆதிப் படிமங்கள் மனிதர் எல்லோருடைய ஆழ்மனதிலும் உண்டு என்றவர் யுங். ஆனால் இந்தியக் கோயில்களைச் சுற்றிவந்த அவருக்கு அவரது ஆழ்மனம் நீட்டியது சொந்த மண்ணின் புராணத்தை. தேட வேண்டியது அங்கேதான் என்று அவர் புரிந்துகொண்டார்.

சென்னைவரை வந்தும் அவர் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. ரமணர்மீது அலட்சியமில்லை, 1944இல் ரமணர் பற்றி வெளியான ஹைன்ரிஷ் சிம்மரின் நூலுக்கு முன்னுரை எழுதியவர் அவர்தான். இன்னொருவர் கண்ட உண்மையைத் தனதாக்கிக்கொள்வது அவருக்குத் திருட்டாகப் பட்டது.

உள்ளே இருப்பது எந்தப் படிமம் என்று பத்துக் கேள்விகளில் சொல்லிவிடும் பயிற்சிகள் இன்று யுங்கின் பெயரால் நடக்கின்றன. அவர் கனவில் படகே இல்லை.