அன்பளிப்பு அட்டையும் 14 நிமிடமும்

சில வாரங்களாக எழுத எண்ணித் தள்ளிப்போட்டு வந்த செய்தி இது. இலக்கணம் பற்றியதன்று; வகுப்பறை பற்றியதும் அன்று. ஆயினும் ஒரு மாணவரின் பெற்றோர் ஆசிரியர் தினத்தன்று தந்த அன்பளிப்பு அட்டையில் தொடங்கியதால், ஆசிரியரும் பெற்றோரும் படிக்கும் இவ்விடத்தில் எழுதுவதே முறை எனத் தோன்றுகிறது.

பணி ஓய்வுக்குப் பின் வார இறுதித் தமிழ் வகுப்புகளோடு, எப்போதாவது மறைமுக வாடிக்கையாளர் வேலையும் செய்து வருகிறேன். அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம்: ஓர் உணவகம் தன் பணியாளர் எப்படி நடந்துகொள்கின்றனர் என்பதை அறிய ஓர் ஆய்வு நிறுவனத்தை அமர்த்தும். அந்நிறுவனம் என்னைப் போன்ற ஒருவரைச் சாதாரண வாடிக்கையாளராக உள்ளே அனுப்பும். உண்டு, கவனித்து, வீட்டுக்கு வந்து நீண்ட படிவம் ஒன்றை நிரப்பி, ரசீதின் படத்தையும் இணைத்து அனுப்ப வேண்டும். ஒரு வரம்புக்குள் உணவுச் செலவைத் திருப்பித் தருவார்கள். சிறு ஊதியமும் உண்டு. அமெரிக்காவில் 1940களில் வில்மார்க் என்னும் நிறுவனம் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது என்பர். ஆனால் தமிழ் கற்பிக்கும் எவருக்கும் திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல்தான் முதலில் நினைவுக்கு வரும். மாறுவேடம் கலையக் கூடாது, ஒற்றர் ஒருவர் சொல்வதை மட்டும் நம்பாமல் மூவர் சொல் ஒத்துவந்தால் ஏற்க வேண்டும் என்றெல்லாம் வள்ளுவர் அங்கே சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த அப்பணி, செராங்கூன் சாலையிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த ஓர் இந்திய உணவகத்தில் இருவருக்கு இரவு உணவு. வரம்பு 60 வெள்ளி. (உணவகத்தின் பெயரை எழுத இயலாது, அதற்கு ஒப்புதல் அளித்துக் கையொப்பமிட்டிருக்கிறேன்.) அறிவுறுத்தலில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது: தள்ளுபடிச் சீட்டு, அன்பளிப்பு அட்டை, உறுப்பினர் புள்ளிகள் எதையும் பயன்படுத்தக் கூடாது.

தள்ளுபடியைத் தடுப்பது எனக்கு விளங்கியது. நம் ஊர் உணவகக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உணவு 50 வெள்ளி என்றால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 55 வெள்ளி. அதன்மேல், 2024 சனவரி முதல் நடப்பிலுள்ள 9 விழுக்காடு பொருள் சேவை வரி 4.95 வெள்ளி. ஆகமொத்தம் 59.95. அதே உணவுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி கிடைத்து, அதன் பிறகே சேவைக் கட்டணமும் வரியும் போடப்பட்டால் 40, 44, பிறகு 47.96. பத்து வெள்ளிதான் தள்ளுபடி, குறைந்ததோ 11.99. விழுக்காட்டுப் பாடம் படிக்கும் பிள்ளைகளிடம் இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் முதலில் பத்து என்றே சொல்வர். 47.96 செலவழித்துவிட்டு 59.95 கேட்பது திருட்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

அன்பளிப்பு அட்டை என்ன பாவம் செய்தது? அது விலையைக் குறைப்பதில்லை, ரசீதில் 59.95 என்றே இருக்கும். பணத்துக்கு மாற்றாகக் கொடுக்கப்படும் இன்னொரு பணம், அவ்வளவே. கைப்பேசியில் 50 வெள்ளி அட்டை உறங்கிக்கொண்டிருந்தது. அந்த உணவகத்திலும் செல்லும் அட்டை. அதைக் கொடுத்து மீதி 9.95ஐ நான் செலுத்தினால் 59.95 திரும்பி வரும். அட்டை ரொக்கமாகிவிடும். யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன். இப்படி நினைக்கும்போதே ஒரு நெருடல் வந்திருக்க வேண்டும். ஏனெனில் இதையே சிடிசி பற்றுச்சீட்டைக் கொண்டு யாராவது செய்தால் நான் ஏற்கமாட்டேன். தேக்கா நிலையத்தில் அப்பற்றுச்சீட்டைக் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு, வேறொருவரிடம் அச்செலவை ரொக்கமாகப் பெறுவது, ரொக்கமாக மாற்றக் கூடாது என்ற அதன் விதியைப் பின்வாசல் வழியே மீறுவதுதான். பிறர் பற்றுச்சீட்டில் தெரிந்தது என் அட்டையில் தெரியவில்லை.

அன்று எங்களுக்குப் பரிமாறிய பெண்ணுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். முகமலர்ச்சியோடு வரவேற்றார், கேட்காமலே தண்ணீர் நிரப்பினார், மீன் கறியின் காரத்தைப் பற்றி முன்னதாகவே சொன்னார். படிவத்தின் முதல் இருபது கேள்விகளுக்கும் முழு மதிப்பெண் மனத்துக்குள் போட்டாகிவிட்டது. கணக்கைக் கேட்டுக் கைப்பேசியை நீட்டினேன். கருவி அட்டையின் குறியீட்டை ஏற்கவில்லை. இரண்டாம் முறையும் ஏற்கவில்லை. அவர் திரையை நெருங்கிப் பார்த்தார். அதில் என் பெயரும், "அன்பு ஆசிரியருக்கு" என்ற வாழ்த்தும் தமிழில் இருந்தன.

"சார், நீங்க தமிழ் வாத்தியாரா? நான் ஜொகூர்ல தமிழ்ப்பள்ளியில படிச்சேன் சார்."

மாறுவேடம் அத்துடன் கலைந்தது. மேலாளரைத் தேடி அவர் ஓடினார். மேலாளர் சமையற்கூடத்தில் இருந்தார். இடையில் எங்கள் மேசைக்கு இரண்டு கிண்ணம் பாயசம் வந்தது, கணக்கில் சேர்க்காமல். ஒருவழியாக எண்களைக் கையால் தட்டச்சு செய்து முடித்தார்கள். மன்னிப்புக் கேட்டவாறே ரசீதைத் தந்த அவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். வேலை முடிந்து குவீன் ஸ்திரீட் நிலையத்தில் ஜொகூர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து படிவத்தைத் திறந்தேன். கணக்குக் கேட்டதிலிருந்து ரசீது வரும்வரை எத்தனை நிமிடம்? 14. ஐந்துக்கு மேற்பட்டால் காரணம் எழுதுக. அட்டையைப் பற்றி எழுதினால் விதியை மீறியது வெளிப்படும், 59.95 வராது. "பணியாளர் கட்டணக் கருவியை இயக்கத் தடுமாறினார்" என்று எழுதினேன். பொய்யான சொல் அதில் ஒன்றுகூட இல்லை. முப்பது ஆண்டு கருத்தறிதல் தாள் திருத்தியவன். பாதியை மறைத்து எழுதிய விடை எனக்குத் தெரியாதா?

என் மனைவி தேநீரோடு வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"என்னங்க, அந்தப் பிள்ளைக்கு எத்தனை மார்க் போட்டீங்க?"

"நேரத்துக்குச் சுழியம். மற்றதெல்லாம் முழுசா போட்டிருக்கேன்."

"அட்டை நம்மளுது. தாமதம் மட்டும் அதோடதா?"

அப்போதுதான் அந்தத் தடித்த வரியின் காரணம் எனக்கு முழுதாய் விளங்கிற்று. பணக்கணக்கு அதில் ஒரு பகுதியே. அட்டையும் சீட்டும் உள்ளே நுழைந்ததும் அங்கே நடப்பது வழக்கமான உணவு வேளையாக இருப்பதில்லை. கருவி மாறுகிறது, மேலாளர் வருகிறார், பெயர் தெரிகிறது, பாயசம் வருகிறது. நான் அளந்தது அப்பெண்ணின் சேவையை அன்று. என் அட்டை உண்டாக்கிய குழப்பத்தை. இத்தகைய படிவங்களின் மதிப்பெண்ணை வைத்துப் பணியாளருக்கு ஊக்கத்தொகை தரும் இடங்களும் உண்டு. வள்ளுவர் சொன்ன மற்ற இரண்டு ஒற்றர்கள் அங்கே இல்லை; என் சொல் ஒன்றே சாட்சி.

மறுநாள் காலை ஒருங்கிணைப்பாளருக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். பாயசத்தையும் விடவில்லை. மாலையில் பதில் வந்தது: அறிக்கை செல்லாது, செலவும் ஊதியமும் தரப்படமாட்டா, அப்பணி வேறொருவருக்கு அளிக்கப்படும். கடிதம் கடுமையாக இல்லை, நன்றியும் சொல்லியிருந்தார்கள். அறிக்கை நீக்கப்பட்டதால் அந்தச் சுழியமும் நீங்கியது என்பதே எனக்கு வேண்டியிருந்தது.

இவ்வேலையில் ஆர்வம் கொண்டு சில பெற்றோர் முன்பு விசாரித்ததுண்டு. அவர்களுக்கு ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். முறையான நிறுவனம் உங்களிடம் சேர்க்கைக் கட்டணம் கேட்காது. "கடையில் அன்பளிப்பு அட்டை வாங்கி அதன் எண்களை எங்களுக்கு அனுப்புங்கள், அதுதான் உங்கள் முதல் பணி" என்று யாராவது சொன்னால் அது மோசடி. அமெரிக்காவில் இவ்வகை ஏமாற்று பற்றி அரசே எச்சரித்திருக்கிறது. இங்கே ஐயம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழையுங்கள்.

அட்டை தந்த பெற்றோரிடம், அதைக் கொண்டு நானும் மனைவியும் நன்றாகச் சாப்பிட்டோம் என்று சொன்னேன். அவர் மகிழ்ந்தார். செலவு திரும்பி வராததால் அது உண்மையாகவும் ஆகிவிட்டது.

சென்ற சனிக்கிழமை அதே உணவகத்துக்குச் சொந்தக் காசில் போனோம். அந்தப் பெண்ணுக்கு அன்று விடுப்பாம். மெலிந்த இளைஞர் ஒருவர் பரிமாறினார். கணக்கு 32.37 வெள்ளி, நான்கு நிமிடத்தில் வந்தது. பழக்கதோஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்.