மார்பு என்னும் பொதுச்சொல்

லாங் ஐலண்டில் கள ஆய்வுக்காகத் தங்கியிருந்தபோது ஒரு மாலை லாலாஜி விரிகுடாவில் குளிக்கச் சென்றோம். சொற்பட்டியல் திரட்ட எனக்கு உதவிய தமிழ் இளைஞரின் 14 வயதுத் தம்பி சட்டையோடு நீரில் இறங்கினான். நானும் அப்படித்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், காரணம் கேட்கத் தேவைப்படவில்லை.

பள்ளியில் என்னைக் கூனிக்குறுக வைக்க ஒரே ஒரு கேலிச்சொல் போதுமானதாக இருந்தது. எல்லாம் கொழுப்பு, ஓடினால் கரையும் என்றார்கள். கல்லூரி நாள்களில் ஓடினேன்; 12 கிலோ குறைந்தது; வயிறு வற்றியது; மார்பு மட்டும் முழுதாக வற்றவில்லை. குறை என் உழைப்பில்தான் என்று நம்பினேன்.

பிற்பாடு ஒரு மருத்துவர் முலைக்காம்பின் இருபுறமும் விரல்வைத்து அழுத்திப் பார்த்து விளக்கினார். காம்புக்கு நேர்கீழே ரப்பர் போன்ற வட்டத்திசு தட்டுப்பட்டால் அது சுரப்பி. எதுவும் தட்டுப்படாமல் மென்மையாகவே இருந்தால் கொழுப்பு. எனக்கு இரண்டும் இருந்தன. உடல் மெலிந்தால் கொழுப்பு குறையும். ஓராண்டுக்கு மேல் நிலைத்து நார்த்திசுவாக இறுகிவிட்ட சுரப்பி, ஓட்டத்துக்கும் மருந்துக்கும் எளிதில் இணங்காது. அகற்ற விரும்பினால் அறுவை சிகிச்சைதான்.

சுரப்பி வளர்ச்சியை மருத்துவம் 'கைனகோமாஸ்டியா' என்கிறது. பெண், மார்பு என்னும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. கொழுப்பு மட்டும் சேர்ந்த நிலைக்கு 'போலி' என்னும் பொருளுடைய முன்னொட்டைச் சேர்க்கிறது. உடலோ இப்பிரிவினையை முழுமையாக ஏற்பதில்லை. கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் நொதி, ஆண் இயக்குநீர்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பியை வளர்க்கிறது. போலி என்று பெயரிடப்பட்டதே மெய்யானதற்கு உரமாகிறது. கேலிச்சொல்லுக்கோ இவ்வேறுபாடெல்லாம் ஒரு பொருட்டே அல்ல.

தமிழில் 'மார்பு' இருபாலுக்கும் பொதுச்சொல். உடற்கூறும் அவ்வாறே: ஆணும் சிறிதளவு சுரப்பித் திசுவோடுதான் பிறக்கிறான்.

திரும்பும் வழியில் அண்ணன், தம்பி இருவரிடமும் இதைச் சொன்னேன். பருவ வயதில் ஏறத்தாழப் பாதிச் சிறுவர்களுக்கு இது வரும். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானே வடிந்துவிடும். கட்டி கல்போல் இறுகினாலோ, காம்பை விட்டு விலகியிருந்தாலோ, குருதி கசிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைக் காண வேண்டும். "அப்போ இது என் தப்பு இல்லையா?" என்றான் சிறுவன். பதினான்கு வயதில் நான் கேட்கத் தெரியாமல் விட்ட கேள்வி அது.

ஆசிரியப் பணியிலிருக்கும் நண்பர்களே, உங்கள் வகுப்பில் அந்தக் கேலிச்சொல் காதில் விழுந்தால், சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திராதீர்கள். அன்றே இதை விளக்கிவிடுங்கள்.