கறள்

சைக்கிள் செயினில் கறள் பிடிச்ச கதையில் இருந்துதான் நாங்கள் அணுக்கழிவுக்குப் போனோம். நாங்கள் நாலு பேர், கலைப்பீடம். விஞ்ஞானத்தை ஓ.எல்லோட விட்ட ஆக்கள். அன்றிரவு ரூமில் ‘இன்டு இடர்னிட்டி’ என்ற 2010ஆம் ஆண்டு ஆவணப்படம் பார்த்தோம். பின்லாந்தில் பாறைக்குள் 400 மீற்றருக்கும் கீழே குடைந்த ஒன்கலோ பற்றியது. பாவித்து முடிந்த அணு எரிபொருளை ஒரு இலட்சம் வருஷம் அங்கே வைத்திருக்க வேணுமாம்.

“எங்கட செயின் மூன்று மாசம் தாங்கேல்ல, இது எப்பிடித் தாங்கும்?” என்று ஒருத்தன் கேட்டான். விடிய விடியத் தேடி வாசித்தோம்.

பலத்துக்கு இரும்பு, அரிப்புக்கு எதிராகச் செம்பு. பின்லாந்துக் கொள்கலனின் உள்ளே வார்ப்பிரும்பு, வெளியே 5 சென்ரிமீற்றர் செம்பு, சுற்றிவர பென்டனைட் களிமண். கனடாவின் திட்டத்தில் உருக்குக் கொள்கலன் மேல் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் செப்புப் பூச்சு மட்டும்தான். முதலில் மின்முலாம். வெல்டிங் செய்த விளிம்பில், செப்புத்தூளை உருக்காமலே பெரும் வேகத்தில் அடித்து ஒட்ட வைப்பார்கள். தனியாக நிற்கிற கூடு என்றால் தடிப்பு வேணும். உருக்கோட ஒட்டின பூச்சுக்கு அரிப்பைத் தாங்கிற அளவு போதும்.

ஒட்சிசன் இல்லாத ஆழத்தில் செம்பு இலேசில் அரிக்காது. ஆனால் நுண்ணுயிர்கள் உண்டாக்கிற சல்பைட்டு அதையும் அரிக்கும். சுவீடனில் 2018இல் ஒரு நீதிமன்றமே, செம்பு எப்படி அரிக்கும் என்பதில் இன்னும் நிச்சயம் போதாது என்று அரசாங்கத்துக்குச் சொன்னது. அனுமதி 2022இல்தான் கிடைத்தது. அந்த நாலு வருஷம் எங்களுக்குப் பிடிச்சிருந்தது. “இது எங்கட பாடம் இல்லை” என்று சொல்லி நாங்கள் எத்தனை விஷயத்தைக் கேட்காமல் விட்டிருக்கிறோம்!

கனடா 2024இல் இடத்தைத் தெரிவு செய்தது, ஒன்ராறியோவின் வடமேற்கில். இக்னஸ் ஊராரும் வாபிகூன் ஏரி ஒஜிப்வே மக்களும் சம்மதித்த பிறகு. ரொறன்ரோவில் இருக்கிற மாமாவிடம் ஒருத்தி வட்ஸ்அப்பில் கேட்டாள். “அது எங்கயோ தூரத்தில, பிள்ளை” என்றார். அவர் வீட்டுக்கு வாற கரண்டில் ஏறத்தாழ அரைவாசி அணுமின்.

அடுத்த நாள் செயினுக்கு எண்ணெய் விட்டோம். மூன்று மாசம் கழிச்சு திரும்பவும் விடலாம். மண்ணுக்குள் மூடின பெட்டிக்கு ஆர் போய் எண்ணெய் விடுறது? கேட்கிறதை எல்லாம் மூட முதலே கேட்கவேணும்.