கில்ட்டும் கம்பளியும்

கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் கடைகளில் பணிபுரியும் இளைஞர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். பெல்மோரல் என்பார் ஒருவர். வேவர்லி என்பார் இன்னொருவர். கிளாஸ்கோ என்று சொல்பவரும் உண்டு. ஸ்கொட்லாந்தின் அரச மாளிகை ஒன்றும், அந்நாட்டு நாவல் ஒன்றும், அந்நாட்டின் மிகப்பெரிய நகரமும் நமது அக்கரப்பத்தனையில் தேயிலைத் தோட்டங்களாக இருக்கின்றன. அங்கே பிறந்தவர்களுக்கு அவை ஊர்ப் பெயர்கள். வெள்ளவத்தையிலிருந்து விடுமுறைக்குச் செல்லும் நமக்கோ அவை வீதியோரப் பலகைகள்.

கொழும்புத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு மலையகம் என்றால் ஏப்ரல் மாதம். நுவரெலியாவின் வசந்த காலம், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகுச் சவாரி. அதே சித்திரைப் புத்தாண்டுக்கு அந்த இளைஞர்களும் புறக்கோட்டையில் பஸ் ஏறி அதே மலைகளுக்குத்தான் செல்கிறார்கள். நாம் காட்சி காணப் போகிறோம். அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

2018 ஆகஸ்டில் என் சகோதரியின் மகன் கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவன். வெள்ளவத்தையில் நடந்த உறவினர் திருமணத்தின் மாலை விருந்துக்கு அவன் கில்ட் அணிந்து வந்தபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. கட்டங்கள் போட்ட கம்பளித் துணி, பின்புறம் அடுக்கடுக்காக மடிப்புகள், முன்னால் தொங்கும் ஒரு தோற்பை, முழங்கால் வரை உயர்ந்த காலுறை. முறையாகத் தைத்த கில்ட் ஒன்றுக்கு ஏறத்தாழ 8 யார் துணி வேண்டுமாம். நம்மூர்ச் சாரத்தைப் போல நான்கு மடங்கு! பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சிறுவர்கள் அவனோடு படமெடுக்க வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் வானில் நுவரெலியா புறப்பட்டோம். அந்த உடுப்போடு தேயிலை மலையில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவனது ஆசை. அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன் கடந்து தலவாக்கலையை அண்மித்தபோது ஹோலிரூட் என்ற பலகையைக் கண்டு துள்ளிக் குதித்தான். "மாமா, இது எடின்பரோவில இருக்கிற அரண்மனை எல்லோ!" நானுஓயாவுக்கு அருகே எடின்பரோ என்றே ஒரு தோட்டம் இருப்பதைச் சொன்னேன். நம்ப மறுத்தான்.

இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதை வாசகர்கள் ஓரளவு அறிவார்கள். கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட வந்த துரைமாரில் கணிசமானோர் ஸ்கொட்லாந்துக்காரர். 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. 1852 இல் இலங்கைக்கு வந்தவர், 1892 இல் இங்கேயே காலமாகி, கண்டி மஹையாவ மயானத்தில் துயில்கிறார். தாம் விட்டு வந்த ஊர்களின் பெயர்களை இவர்கள் காடழித்த மலைகளுக்குச் சூட்டினார்கள். காட்டை அழித்த கைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவை. அந்தக் கிராமங்களின் பெயர்கள் பலகைகளில் ஏறவில்லை.

கில்ட்டின் கதையும் அவ்வளவு இனிமையானதன்று. அது முதலில் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு ஏழைகளின் கம்பளிப் போர்வை. பகலில் இடைவாரால் இறுக்கி உடுத்துவார்கள், மழையில் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார்கள், இரவில் அதையே போர்த்தி உறங்குவார்கள். 1746 இல் கலொடன் போர்க்களத்தில் மலைநாட்டார் தோற்கடிக்கப்பட்டதும் அந்த உடைக்கு இலண்டன் பாராளுமன்றம் தடை விதித்தது. முதற்தடவை அகப்பட்டால் ஆறு மாதச் சிறை. மறுதடவை அகப்பட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். இராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு மாத்திரம் விலக்கு.

தடை 1782 இல் நீங்கியது. ஆயினும் அதை உடுத்தியவர்களுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. செம்மறி ஆடுகள் குடியானவர்களைவிட அதிக வருமானம் தரும் என்று கண்ட நிலப்பிரபுக்கள், தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்களைக் குடியெழுப்பினார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டன. பல்லாயிரம் பேர் கடற்கரைகளுக்கும் கனடாவுக்கும் துரத்தப்பட்டனர். அவ்வாறு மலைகள் வெறுமையாகிக்கொண்டிருந்த நாட்களில்தான், 1822 இல், நாலாம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்து ஹோலிரூட் அரண்மனையில் கில்ட் அணிந்து காட்சியளித்தார். ஏற்பாடு செய்தவர் வேவர்லி நாவலை எழுதிய வோல்டர் ஸ்கொட். பிரபுக்களுக்கு அது நாகரிகமாயிற்று. பின்னர் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஆயிற்று.

இதையெல்லாம் வானில் அவனிடம் சொல்லிக்கொண்டு போனேன். பாதிக்கு மேல் அவனுக்குத் தெரிந்திருந்தது. பாடசாலையில் படிப்பித்தார்களாம். "ஆனா மாமா, இலங்கைத் தோட்டங்களைப் பற்றி எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை" என்றான்.

வீதியோரத்தில் ஒரு மலைச்சரிவில் வானை நிறுத்தினோம். அவன் உடுப்பை மாற்றிக்கொண்டு இறங்கினான். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அருகே வந்தார்.

"என்னா தம்பி, பாவாடை கட்டியிருக்கீங்க? குளிரலையா?"

இது அந்தக் காலத்துத் துரைமார் ஊர் உடுப்பு என்று நான் விளக்கினேன். அவர் ஏற்கவில்லை.

"துரைமாருங்க காச்சட்டைதானே போட்டாங்க. எங்க தாத்தா சொல்லியிருக்காரு."

அவர் சொன்னதே சரி. கில்ட் உடுத்தி எந்தத் துரையும் மலையில் வேலை பார்க்கவில்லை. டெய்லரே ஸ்கொட்லாந்தின் மலைநாட்டார் அல்லர். கிழக்குத் தாழ்நிலப் பகுதியில் பிறந்தவர்.

சற்றுத் தள்ளி இன்னொரு காட்சி. வெளிநாட்டுப் பெண்கள் இருவர் சேலை சுற்றி, தலையில் கயிறு மாட்டிய கூடையை முதுகில் தொங்கவிட்டு, இரண்டு கொழுந்தைக் கிள்ளியபடி படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர்களும் இதைச் செய்வதுண்டு. அந்த அம்மாவின் முதுகிலோ கூடை இல்லை, சாக்கு இருந்தது. கேட்டேன்.

"கூடை படம் புடிக்கத்தாங்க. எங்களுக்கு இப்ப சாக்குதான்."

கில்ட்டுக்கு நேர்ந்ததுதான் கூடைக்கும் நேர்ந்திருக்கிறது. உழைப்பவரின் முதுகை விட்டு இறங்கியதும் அது வேடமாகிவிட்டது. கம்பளிக்கும் ஒரு வரலாறு உண்டு. மலையகத் தொழிலாளரும் ஒரு காலத்தில் பனிக்கும் மழைக்கும் முரட்டுக் கம்பளியையே தலையில் போர்த்திச் சென்றார்கள். அது தோட்டம் இலவசமாகத் தந்ததன்று. விலை அவர்களின் கணக்கில் பற்றாக எழுதப்பட்டது. ஸ்கொட்லாந்துக் கம்பளி விருந்து மண்டபத்துக்கு வந்துவிட்டது. இந்தக் கம்பளியை நினைவில் வைத்திருப்போரும் குறைந்துவருகிறார்கள்.

உடையை அணிவதில் தவறு இருப்பதாக நான் கருதவில்லை. என் மருமகன் அதை உரிமையோடுதான் அணிகிறான். அவன் பிறந்த நாட்டின் உடை அது. நான் கவனிப்பது வேறொன்று. ஒரு மக்கள் கூட்டத்தினருக்கு அவர்களின் உடையைத் திருப்பிக் கொடுப்பது எளிது, அதனால் எவருக்கும் நட்டமில்லை. நிலத்தைக் கொடுப்பதுதான் கடினம். ஸ்கொட்லாந்தில் கில்ட் 1782 இல் திரும்பிவிட்டது. சிறு குடியானவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்ற சட்டமோ 1886 இல்தான் வந்தது, அதுவும் நீண்ட போராட்டத்தின் பின்னர்.

நமது மலையகத்தில் 1948 இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டோரில் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாவும் அவரது தோழிகளும் அன்று கேட்டுக்கொண்டிருந்த 1,000 ரூபா நாட்சம்பளம் 2021 இல் வந்தது. அதற்குள் விலைவாசி அதைக் கடந்துவிட்டிருந்தது. ஐந்து தலைமுறை வாழ்ந்த லயத்தின் கீழுள்ள மண்ணுக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர்களே இன்னும் அதிகம்.

2023 இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. மூதாதையர் பசியோடும் நோயோடும் நடந்து, வழியிலேயே பலர் மடிந்த அதே பாதை. நடந்தவர்கள் கேட்டவற்றுள் காணியும் வீடும் முதன்மையானவை. கொழும்பில் இருக்கும் நாமும், கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளும் அடுத்த விடுமுறைக்கு மலைக்குப் போகும்போது தாராளமாகப் படம் எடுப்போம். அதோடு, படத்தில் நிற்பவரின் பெயரையும், அவர் குடியிருக்கும் நிலம் யாருடையது என்பதையும் கேட்டு வருவோம். கிளாஸ்கோவில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் நம்மைவிட விரைவாகப் புரியக்கூடும்.