19 பச்சையும் நிறையக் கேள்விக்குறிகளும்

“பிள்ளை, நான் அடிச்ச புத்தகமெல்லாம் கேள்விக்குறியாக் கிடக்கு” என்று மாஸ்டர் போனில் சொன்னபோது விரிவுரை மண்டபத்துக்கு வெளியே நின்றிருந்தேன். முதலில் விளங்கவில்லை. அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் வயிறு கலங்கியது. தொடரிலக்கம் சரி. பதிப்பித்த ஆண்டு சரி. தலைப்பு, ஆசிரியர், குறிப்பு என்ற மூன்று நிரல்களிலும் வரிக்கு வரி வெறும் கேள்விக்குறிகள். 140 புத்தகங்கள். ஒற்றை விரலால், ஒரு கிழமையாக அவர் அடித்தது.

கலைப்பீடத்தில் மொழியியல் படிக்கிற ஆளுக்கு ஏன் இந்த வேலை எண்டு கேட்பீங்கள். ஏ.எல். முடித்து கம்பஸ் கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருந்த காலத்தில் பெரியம்மாவின் மகன் அண்ணா எனக்கு சி ஷார்ப் பழக்கினார். அந்தத் துணிவில் ஊர் வாசிகசாலைக்கு ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன் செய்தேன். புத்தகம் சேர்க்க, இரவல் கொடுக்க, திருப்பி எடுக்க, அவ்வளவுதான். ஏஎஸ்பி டொட் நெட் கோர், பின்னால் எஸ்கியூஎல் சேர்வர்.

அண்ணா ஒரு நிபந்தனை வைத்தார். டெஸ்ட் எழுதாமல் ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது.

கொன்ட்ரோலர் என்பது வாசிகசாலை மேசையில் இருக்கிறவர் மாதிரி. வந்த ஆள் கேட்பதைக் கேட்டு, அலுமாரியைப் பார்த்து, இருக்கு, இல்லை, வெளியில போட்டுது என்று முடிவு சொல்பவர். அலுமாரிதான் டேட்டாபேஸ், அதன் திறப்பு கொன்டெக்ஸ்ட். மேசைக்காரர் சரியாக முடிவெடுக்கிறாரா என்று பார்க்க முழு அலுமாரியும் வேண்டாம். மூன்று புத்தகம் போட்ட பெட்டி ஒன்றை வைத்து, இதுதான் அலுமாரி என்று சொன்னால் போதும். அதற்காகக் கொன்ட்ரோலர் தானே கொன்டெக்ஸ்டை உருவாக்காமல், கொன்ஸ்ட்ரக்டர் வழியாக ஒரு இன்டர்ஃபேஸை வெளியிலிருந்து வாங்கும்படி எழுதினேன். உண்மையாக ஓடும்போது எஸ்கியூஎல் சேர்வரோடு பேசுகிற கொன்டெக்ஸ்ட் உள்ளே போகும். டெஸ்டில், நினைவகத்தில் ஒரு லிஸ்டை வைத்திருக்கும் போலி போகும்.

இல்லாத இலக்கத்தைக் கேட்டால் நொட் ஃபவுண்ட் வருகிறதா, இரவல் போன புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுக்க மறுக்கிறதா, தலைப்பு வெறுமையாக இருந்தால் சேவ் சேஞ்சஸ் கூப்பிடப்படாமல் இருக்கிறதா. இப்படி 19 டெஸ்ட். எல்லாம் சேர்ந்து கண் மூடித் திறக்க முதல் ஓடி முடியும். திரும்பி வந்த புத்தகத்தின் திகதியைப் பதிய நான் மறந்திருந்ததை அவைதான் பிடித்தன. கடைசியில் எல்லாம் பச்சை. மாஸ்டரிடம் போய், “பயப்பிடாம அடியுங்கோ மாஸ்டர், எல்லாம் செக் பண்ணியாச்சு” என்றேன். அந்த வசனத்தை இப்ப நினைச்சாலும் கூசுது.

பிழை ஒரே சொல்லில் இருந்தது. மூன்று நிரல்களுக்கும் வார்ச்சார் என்று போட்டிருந்தேன். என்வார்ச்சார் எழுத்துக்கு இரண்டு பைட், வார்ச்சார் ஒரு பைட் என்று எங்கேயோ வாசித்ததில் வந்த சிக்கனப் புத்தி. எஸ்கியூஎல் சேர்வரில் வார்ச்சார் நிரல், தன்னுடைய கொலேஷனுக்குரிய கோட் பேஜில் உள்ள எழுத்துகளை மட்டுமே வைத்திருக்கும். எங்களுடையது 1252, மேற்கு ஐரோப்பிய எழுத்துகள். தமிழ் வந்தால் ஒரு பிழைச்செய்திகூடக் காட்டாது. கேள்விக்குறியாக்கிச் சேமித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். “தமிழ்” என்பது எங்களுக்கு மூன்று எழுத்து. அதற்கு ஐந்து கேள்விக்குறி, ஏனென்றால் யூனிகோடில் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம். குறிகளை எண்ணி எந்தப் புத்தகம் என்று கண்டுபிடிக்கலாமா என்று ஒரு இரவு முழுக்க இருந்து பார்த்தேன். மொழியியலுக்கு அப்படியொரு பயன்பாடு கிடையாது.

இன்னொரு கொடுமை, மாஸ்டருக்குப் பழக்கம் பாமினி. அதில் அடித்திருந்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தப்பியிருக்கும். “யூனிகோட்தான் சரி” என்று மாற்றிப் பழக்கினதும் நான்.

போலி கொன்டெக்ஸ்டுக்குக் கோட் பேஜ் கிடையாது. லிஸ்டில் போட்ட சொல் லிஸ்டில் அப்படியே இருக்கும். அந்த 19 டெஸ்டும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன. மேசைக்காரரைச் சோதித்துவிட்டு அலுமாரிக்கும் சேர்த்து உத்தரவாதம் கொடுத்தது நான். “சேர்க்கப்பட்டது” என்ற செய்தியும் ஃபோர்மில் இருந்த தலைப்பையே திருப்பிக் காட்டியதால், மாஸ்டருக்கும் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை போனேன். மாஸ்டர் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். “தலைப்பு, ஆசிரியர் இதில கிடக்கு, திருப்பி அடிக்கலாம் பிள்ளை” என்றார். பிறகு கொஞ்சநேரம் பேசவில்லை. குறிப்பு நிரலில் அவர் எழுதியிருந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்தப் புத்தகம் யார் வீட்டிலிருந்து வந்தது, ஊரை விட்டுப் போகேக்க யார் கொண்டுவந்து வைச்சிட்டுப் போனவை, அவை இப்ப எந்த நாட்டில இருக்கினம் என்று நினைவிலிருந்து எழுதியது. “அது நினைவு வரேக்க எழுதினது. இனி அப்பிடியே வருமோ தெரியேல்ல.”

அண்ணா ஏசவில்லை. “டெஸ்டில என்ன தலைப்புக் குடுத்தனி?” என்று மட்டும் கேட்டார். புக் 1, புக் 2, புக் 3. அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் கொடுத்திருந்தாலும் போலி பச்சைதான் காட்டியிருக்கும். எஸ்கியூலைட்டை நினைவகத்தில் ஓடவிட்டுப் பார்ப்போமா என்றேன். அதுவும் தமிழை ஒழுங்காக வைத்திருக்கும், இந்தப் பிழை பிடிபடாது என்றார்.

ஆகவே எஸ்கியூஎல் சேர்வரிலேயே தனியாக ஒரு டெஸ்ட் டேட்டாபேஸ். தமிழ்த் தலைப்போடு ஒரு புத்தகத்தைச் சேமித்து, திருப்பி வாசித்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும் ஒரே ஒரு டெஸ்ட். வார்ச்சாரை மாற்ற முதலே ஓடவிட்டேன். பச்சை! எனக்கு விசர் வராத குறை. சேமித்த அதே கொன்டெக்ஸ்டிடமே திருப்பிக் கேட்டிருக்கிறேன். அது தன் கையில் ஏற்கெனவே வைத்திருந்த புத்தகத்தையே நீட்டியிருக்கிறது. வாசிக்கும்போது புதிய கொன்டெக்ஸ்ட் ஒன்றைத் திறந்த பிறகுதான் சிவப்பு வந்தது. சிவப்பைக் கண்டு சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான். என்வார்ச்சார் என்று மாற்றினேன், பச்சையானது. பழைய 140 வரிகளும் கேள்விக்குறிகளாகவே கிடந்தன. அழித்தேன்.

மாஸ்டர் இப்போது மறுபடி அடிக்கிறார். குறிப்புகள் முன்னையதைவிடக் கட்டையாக வருகின்றன. சிலவற்றுக்கு வெறுமையாக விடுகிறார். நான் பக்கத்தில் இருந்து டெஸ்டைப் பற்றி, புது டேட்டாபேஸைப் பற்றி எல்லாம் விளங்கப்படுத்தினேன். “ஓம் பிள்ளை, ஓம்” என்றார். பிறகு ஒவ்வொரு புத்தகத்தைச் சேமித்ததும் பட்டியல் பக்கத்துக்குப் போய், தலைப்பு தமிழில் இருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறார்.