ஹாமெலின் வாசித்த ஹைடன்

பியானோ என்றாலே நம்ம ஊரில் முதலில் கேட்பது "எவ்வளவு ஸ்பீடா வாசிப்பான்?" என்றுதான். 2019-ல் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் ஒரு அமெரிக்க டிவி போட்டியில் நிமிடத்துக்கு 325 பீட் வேகத்தில் வாசித்தார், கடைசியில் பத்து லட்சம் டாலர் பரிசையும் ஜெயித்தார். அந்த வீடியோ வராத வாட்ஸப் குரூப் இருக்காது. அவர் நிதானமாக வாசித்த எதையும் யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை, பாவம்.

விரல் வேகத்தில் உலக அளவில் பெரிய கை என்றால் மார்க்-ஆந்த்ரே ஹாமெலின். 1961-ல் கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்தவர். அப்பா மருந்துக் கடைத் தொழில், பொழுதுபோக்குக்குப் பியானோ. ஷோபானின் எட்யூடுகளே கஷ்டம். அவற்றை கோடோவ்ஸ்கி என்பவர் இன்னும் முறுக்கி 53 உருப்படிகளாக எழுதி வைத்தார். அதில் 22 இடது கைக்கு மட்டும்! அத்தனையையும் ரெக்கார்ட் செய்த ஆள் ஹாமெலின்.

அப்பேர்ப்பட்டவர் 2007-ல் இரண்டு சிடி நிறைய ஹைடன் சொனாட்டாக்களைக் கொண்டு வந்தார். பல்லவியில் பின்னிப் பெடலெடுக்கும் வித்வான் ஒரு கச்சேரி முழுக்க வர்ணமும் கீதமும் பாடினால் சபாவில் எப்படி முழிப்பார்களோ, அப்படி.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் கீபோர்டு கிளாஸ் போகும் பசங்களுக்கு ஹைடன் என்றால் கிரேடு பரீட்சைப் பாடம். மூன்று பீஸ், ஸ்கேல், சர்டிஃபிகேட், அம்மா ஃபிரேம் போட்டு மாட்டுவார். அடுத்த வருஷம் அந்த மூன்றும் மறந்து போயிருக்கும். வருஷம் முழுக்க வாசித்த பீஸில் ஒரு ஜோக் ஒளிந்திருந்தது என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜோக் நிஜமாகவே இருக்கிறது. ஹைடன் எஸ்டர்ஹாஸி பிரபு குடும்பத்தில் முப்பது வருஷம் கைகட்டி வேலை பார்த்தவர். 1790-க்குப் பிறகுதான் இரண்டு முறை லண்டன் போனார். அங்கே பியானோ பெரியது, சத்தமும் அதிகம். இரண்டாவது பயணத்தில் தெரேஸ் ஜான்சன் என்ற பியானோ கலைஞருக்காக எழுதியது ஸி மேஜர் சொனாட்டா, எண் 50. அதன் கடைசிப் பகுதியில் பாட்டு ஜாலியாக ஓடிவந்து, சம்பந்தமே இல்லாத ஒரு கார்டில் டொம் என்று இடித்து நிற்கும். மௌனம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஆரம்பிக்கும். ஹாமெலின் அந்த மௌனத்தை ஒரு துளி கூடுதலாகப் பிடித்து வைக்கிறார் பாருங்கள், நாகேஷ் டைமிங்!

எண் 52-ல் இன்னொரு குறும்பு. முதல் பகுதி இரண்டரைக் கட்டை. அடுத்த பகுதி மூன்று கட்டைக்குத் தாவிவிடும். கச்சேரி நடுவில் யாராவது தம்புரா சுருதியை மாற்றுவார்களா? ஹாமெலின் இதைப் பெரிதாக அறிவிக்காமல், பக்கத்து அறைக்குப் போகிற மாதிரி சாதாரணமாக நுழைகிறார்.

பி.காம். பாஷையில் சொன்னால், அவருடைய விரல் வேகம் இங்கே லாப நட்டக் கணக்கில் வரவே இல்லை. பேலன்ஸ் ஷீட்டில் ரிசர்வாக உட்கார்ந்திருக்கிறது. எந்த நொடியும் எடுத்துச் செலவழிக்கலாம் என்பதால்தான் ஒவ்வொரு ஸ்வரமும் அவ்வளவு அவசரமில்லாமல் விழுகிறது. (வேகப் பகுதிகளில் சில இடங்களில் ரிசர்வில் கை வைத்துவிடுகிறார். பழக்க தோஷம்.)

2009-லும் 2012-லும் அடுத்தடுத்த தொகுப்புகள் வந்தன. வெளியிட்ட ஹைபீரியன் கம்பெனி பல வருஷம் ஸ்ட்ரீமிங் பக்கமே வராமல் இருந்தது. 2023-ல் யுனிவர்சல் அதை வாங்கிய பிறகுதான் செல்போனில் கேட்க வழி பிறந்தது.

அந்தக் கடைசிப் பகுதி மூன்று நிமிடம்கூட வராது. பீச் வண்டி தாம்பரத்தை விட்டுக் கிளம்பும்போது போட்டால் சானடோரியம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் ரயிலில் மட்டும் கேட்காதீர்கள். அந்த மௌனம் வரும் இடத்தில் சரியாக "சுண்டல், சுண்டல்" என்று ஒரு குரல் வந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் மொட்டை மாடிதான் சரி, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பொறுத்துக்கொண்டால்.