ஒரு பெயருக்குப் பின்னால் மறைந்திருந்தது

கீழப்பாவூரில் எங்கள் வீட்டில் உடன்பிறந்தோர் நால்வர். தந்தையார் மறைந்தபின் வயலையும் எங்களையும் ஒருசேரத் தாங்கியவர் பெரியண்ணன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், குளத்துக்குத் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். தம் உடல்நிலையைப் பற்றி மட்டும் அவர் எண்ணியதேயில்லை.

அவருக்கு வயது 55 நடந்தபோது வயிற்றுவலியும் கழிச்சலும் விட்டுவிட்டு வரலாயின. இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களுள் ஈசினோபில் என்பவை நூற்றுக்கு 18 இருந்தன. 6-க்கு மேற்படலாகாது என்றார்கள். "ஈசினோபீலியாதானே!" என்று நாங்கள் ஆறுதல் அடைந்தோம்.

அப்பெயர் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிக் 1879-இல் இவ்வணுக்களை இனங்கண்டார். இயோசின் என்னும் சிவப்புச் சாயத்தை ஏற்பதால் அவை அப்பெயர் பெற்றன. 1940-இல் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள் பிரிமாட் மோலரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றினும் காசநோயல்லாத ஒரு நோயை இவ்வணுப் பெருக்கத்தோடு விவரித்தனர். யானைக்கால் புழுவை உடல் ஏற்காமையே அதற்குக் காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. மாத்திரைக்கு அது கட்டுப்படும். ஆகவே அச்சொல் இருமலுக்கும் இளைப்புக்கும் உரியதாய், அச்சம் தராததாய் நம் நாவில் பழகிப்போயிற்று.

ஆனால் அவ்வணுக்கள் இரைப்பையிலும் குடலிலும் திரண்டு அழற்சி விளைவிக்கும் அரிய நோயும் உண்டு. குடற்புழு இல்லையென்று உறுதிசெய்து, குடலின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே அதனை அறிய இயலும். பெரியண்ணனுக்கு அத்தகைய சோதனை நடைபெறவில்லை. புழு மாத்திரையும் பிறகு ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். வலி தணிந்தது, நாங்களும் ஓய்ந்தோம்.

மறு ஆண்டு மலத்தில் இரத்தம் கண்டது. அதை மதினியிடம் மட்டும் சொன்னார். மதினி எங்களிடம் சொன்னபோது, "மூலச்சூடு, மோர் குடிக்கச் சொல்லுங்கள்" என்றவர்கள் நாங்களே. அந்த மோருக்குள் 14 மாதங்கள் கரைந்தன. வரப்பில் நடக்கவே மூச்சு வாங்கியபோதுதான் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கே ஆசனவாய் வழியாகக் குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்த்தார்கள். துணுக்குகளின் முடிவு இரண்டாக வந்தது: குடற்சுவரில் ஈசினோபில் அணுக்கள் நிறைந்திருந்தன, பெருங்குடலின் இடப்பகுதியில் புற்றும் இருந்தது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: "இவ்விரண்டும் ஒருவரிடம் கூடியிருப்பது மிக அரிது. ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றின் பெயர் மற்றொன்றை மறைத்துவிட்டது."

அச்சொற்கள் எங்கள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தன. அவர் கூசினார் என்றால், நாங்களும் கேட்கக் கூசினோம் அல்லவா? 1992 சூலை 15-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பருக்குப் பெருங்குடலிலிருந்து பெரிய கட்டியொன்று அகற்றப்பட்டதை உலகமே அறிந்தது. அதன்பின் அவர் 2005 வரை வாழ்ந்தார். உலகறியச் சொல்லத்தக்க ஒன்றை ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த நாங்கள் மறைத்துக்கொண்டோம்.

அறுவைச் சிகிச்சைக்குப்பின் கட்டிலில் படுத்தவாறே அவர் கேட்டது ஒன்றுதான்: "நீங்க மூணு பேரும் போய்ச் சோதிச்சுப் பாருங்க." சென்றோம். எங்களுள் இளையவளின் குடலில் சிறு சதை வளர்ச்சிகள் இரண்டு இருந்தன. அன்றே அகற்றினார்கள். அத்தகைய வளர்ச்சிகளுள் சில, ஏறத்தாழ 10 ஆண்டுகளில் புற்றாக மாறக்கூடும் என்றார்கள். செய்தி கேட்டுப் பெரியண்ணன் சிரித்தார். பல மாதங்களுக்குப்பின் நாங்கள் கண்ட சிரிப்பு அது.

மூன்று ஆண்டுகள் எங்களோடிருந்து அவர் இறைவனடி சேர்ந்தார். இளையவள் நலமாயிருக்கிறாள்.

அன்புக் குடும்பத்தாரே, மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே தீர்ப்பிடாதீர்கள். பழைய நோயின் பெயர் ஒன்று கையிலிருப்பதால் புதிய குறியைப் புறக்கணியாதீர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குடற்புற்று வந்திருந்தால், 40 வயதிலேயே, அல்லது அவர்களுக்கு நோய் கண்ட வயதுக்கு 10 ஆண்டு முன்னரே, எது முந்தியதோ அப்போதே சோதித்துக்கொள்ளுங்கள். இரவு உணவுக்குப்பின் கூடும்போது, "உடம்பு எப்படி?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள், மறுமொழியை முழுவதும் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.